அலைன்மெண்ட் தாளில் எல்லாம் பச்சை. கார் மட்டும் ஏன் ஒரு பக்கம் போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அப்சார்பரோ (குலுக்கலை அடக்கும் பாகம்) லோவர் ஆர்மோ (சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) மாற்றிய மறுநாளே கார் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கினால் பட்டறையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அலைன்மெண்ட் போடுங்கள், சரியாகிவிடும்." சக்கரங்கள் நிற்கும் கோணங்களை மெஷினில் அளந்து திருத்திப் போடுகிறார்கள். இழுப்பு அப்படியே இருக்கிறது. இன்னொரு கடையில் போடுகிறார்கள். அங்கேயும் மெஷின் கொடுக்கும் தாளில் எல்லாக் கட்டமும் பச்சை, அதாவது அனுமதித்த அளவுக்குள். "மெஷினே சரி என்று சொல்லிவிட்டது, உங்கள் கை பழக்கம்" என்று காரோட்டியைத் திருப்பி அனுப்புகிறார்கள். பினாங்கின் பிறை, பட்டர்வொர்த், ஜெலுத்தோங் பக்கம் இப்படிக் கடை கடையாக ஏறி இறங்கும் வாசகர்களுக்கும், கொஞ்சம் பட்டறைக்காரர்களுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

மைவி, ஆக்சியா, பெஸ்ஸா போன்ற நம் சிறிய கார்களில் முன் சக்கரத்தைத் திருகித் திருத்தத் தொழிற்சாலை வழி வைத்திருப்பது டோ ஒன்றுக்குத்தான். இரண்டு முன் டயர்களும் மேலிருந்து பார்க்கும்போது உள்நோக்கியா, வெளிநோக்கியா நிற்கின்றன என்பதே டோ. அது தவறினால் டயரின் விளிம்பு தேயும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். காரை ஒரு பக்கம் இழுக்காது. ஏனென்றால் கார் உருளத் தொடங்கியதும் முன் சக்கரங்கள் இரண்டும் அந்தப் பிழையைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஆக, கடையில் திருத்தியது இழுப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றை.

இழுப்பைத் தரும் கோணங்கள் கேம்பரும் காஸ்டரும். முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் மேல்பகுதி வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ் கேம்பர். எந்தப் பக்கம் பாசிட்டிவ் அதிகமோ கார் அந்தப் பக்கம் போகும். சக்கரம் திரும்பும் அச்சு, பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது, எவ்வளவு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பது காஸ்டர். எந்தப் பக்கம் அது குறைவோ கார் அந்தப் பக்கம் போகும். இரண்டிலும் இடம் வலம் வித்தியாசம் அரை டிகிரியைத் தாண்டினால் கையில் தெரியும்.

பச்சைக் கட்டத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஒரு காருக்குக் கேம்பர் பூஜ்யம், அனுமதி கூட்டல் கழித்தல் முக்கால் டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் கூட்டல் 0.6, வலப்பக்கம் கழித்தல் 0.6 என்றால் இரண்டு கட்டமும் பச்சைதான். ஆனால் வித்தியாசம் 1.2 டிகிரி. அந்தக் கார் இடப்பக்கம் ஓடத்தான் செய்யும். தாளைக் கையில் வாங்கியதும் வண்ணத்தைப் பார்க்காதீர்கள். இடப்பக்க எண்ணிலிருந்து வலப்பக்க எண்ணைக் கழித்துப் பாருங்கள். காஸ்டர் கட்டம் காலியாக இருந்தால் அதை அளக்கவே இல்லை என்று பொருள். காஸ்டரை அளக்க ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்ப வேண்டும், அவசரத்தில் அந்த வேலையைத் தாண்டிவிடுகிறார்கள்.

மெஷின் இல்லாமலும் கேம்பரை ஓரளவு பார்க்கலாம். சமதளத்தில் காரை நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, குண்டு கட்டிய நூலை மட்கார்டின் விளிம்பிலிருந்து டயரில் படாமல் தொங்க விடுங்கள். ரிம்மின் மேல் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியையும், கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 14 அங்குல ரிம்மில் அரை டிகிரி என்பது மேலுக்கும் கீழுக்கும் சுமார் 3 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு டிகிரி என்றால் 6. மறுபக்கமும் அளந்து ஒப்பிட்டால் போதும்.

கோணத்துக்குப் போகுமுன் சாலையைக் கணக்கில் எடுக்க வேண்டும். மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் ஓரத்தை நோக்கி நூற்றுக்கு இரண்டு, இரண்டரை என்ற அளவில் சரிந்திருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், சரிவும் இடப்பக்கம். குறையே இல்லாத கார்கூட மெல்ல இடப்பக்கம் ஒதுங்கும். "போன சாலையிலேயே திரும்பி வந்து பார்த்தேன், அப்போதும் இடப்பக்கம்தான்" என்று சிலர் சான்று சொல்வார்கள். திரும்பி வரும்போதும் இடப்பக்கத் தடத்தில்தானே வருகிறோம்? சரிவும் கூடவே வருகிறது. சரியான சோதனைக்கு ஞாயிறு காலையில் காலியாகக் கிடக்கும் பெரிய வாகன நிறுத்துமிடம் நல்லது. ஒரே கோட்டில் போய், அதே கோட்டில் எதிர்த்திசையில் வாருங்கள். தரைச் சரிவு காரணமென்றால் இழுக்கும் பக்கம் மாறும். காரில் கோளாறு என்றால் மாறாது. கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்க வேண்டாம், பிடியைத் தளர்த்தினாலே தெரியும். நீளமான தடம் என்று பினாங்குப் பாலத்தில் சோதிக்கிறவர்கள் உண்டு. அதன் 13.5 கிலோமீட்டரில் பெரும்பகுதி திறந்த கடல், பக்கக் காற்று. 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலமோ வளைந்து வளைந்து போகிறது. இரண்டும் இதற்கு உதவா.

இதிலிருந்து ஒன்று தெளிவு. இடப்பக்கம் லேசாக ஒதுங்கினால் சந்தேகத்தின் பலனைச் சாலைக்குக் கொடுக்கலாம். நேரான சாலையில் கார் வலப்பக்கம் இழுத்தால் சரிவை எதிர்த்து ஏறுகிறது என்று அர்த்தம்; அது நிச்சயம் காரின் கோளாறு.

அடுத்தது டயர். வண்டி ஓடிச் சூடேறுமுன் காற்றைச் சரிபாருங்கள். ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுதான் அளவு. முன் டயர் ஒன்றில் 220 கிலோபாஸ்கலும் மற்றதில் 180ம் இருந்தால் கார் குறைந்த பக்கம் போகும். அதன்பின் இரண்டு முன் டயர்களையும் இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பு பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான். டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை இம்மியளவு ஒதுங்கியிருந்தாலும் டயர் கூம்பு மாதிரி உருளும், பார்வைக்குத் தெரியாது. சுழலும் திசை அம்புக்குறியிட்ட டயர் என்றால் இடம் வலம் மாற்றாமல், அதே பக்கத்து முன்டயரையும் பின்டயரையும் மாற்றுங்கள். இழுப்பு குறைந்தால் அது டயர்.

"வேலைக்கு விட்ட அன்றுதானே இழுப்பு வந்தது, டயர் எப்படிக் காரணமாகும்?" என்று கேட்பீர்கள். நான்கு அப்சார்பரையும் மாற்றினால் நான்கு சக்கரமும் கழற்றப்படுகிறது. திரும்ப மாட்டும்போது பின்னால் இருந்தது முன்னால் வருவது சர்வ சாதாரணம். பின்னால் இருந்தவரை அதன் குறை யாருக்கும் தெரிந்திருக்காது. காரைப் பட்டறையில் விடுமுன் ஒவ்வொரு டயரின் உள்பக்கச் சுவரிலும் சாக்கட்டியால் அதன் இடத்தை எழுதிவைத்தால் இந்தக் கேள்வி ஒரே நிமிடத்தில் தீரும்.

டயர் இல்லை என்றானதும் கேட்க வேண்டியது: என்ன கழற்றினீர்கள்? இழுப்பு கழற்றிய இடத்தில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

முன் அப்சார்பர் என்றால், அதன் அடியை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு) பிணைக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளைப் பாருங்கள். துளைக்கும் போல்ட்டுக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டத்தில் சக்கரத்தின் தலை உள்ளே விழுந்த நிலையில் ஒரு பக்கமும், வெளியே தள்ளிய நிலையில் மறுபக்கமும் இறுக்கப்பட்டால் கேம்பர் வித்தியாசம் பிறந்துவிடும். கார் ஹோய்ஸ்ட்டில் (காரைத் தூக்கும் சாதனம்) தொங்கும்போது நக்கிள் தன் எடையில் எங்கே சாய்கிறதோ அங்கேயே இம்பேக்ட் கன்னை வைத்து இறுக்குவதால் வரும் கோளாறு இது. திருத்துவது சுலபம். இரண்டு நட்டையும் தளர்த்தி, ஒரு கையால் ரோட்டரின் (பிரேக் தட்டு) மேல் விளிம்பை உள்நோக்கி முழுவதும் தள்ளிப் பிடித்தபடி மறுகையால் நட்டை இறுக்க வேண்டும். மறுபக்கமும் உள்நோக்கியே, அதே மாதிரி. பிறகு குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரென்ச். அதற்கும் அடங்காத வித்தியாசம் இருந்தால் கேம்பரைத் திருத்தவென்றே உள்ள கேம்பர் போல்ட் உதவும். ஆனால் வளைந்த நக்கிளையோ வளைந்த அப்சார்பரையோ கேம்பர் போல்ட் போட்டு மறைப்பதை நான் வேலை என்று சொல்ல மாட்டேன்.

ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று அடித்தட்டில் உள்ள பள்ளத்தின் முனையில் முட்டி உட்கார வேண்டும். அது சுழன்று படியின் மேல் ஏறி நின்றால் அந்தப் பக்கம் காரின் உயரம் மாறும். ரீகண்டிஷன் (புதுப்பித்த பழைய) அப்சார்பர் என்றால் மாட்டுமுன் இடம் வலம் இரண்டின் தண்டையும் கையால் அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒன்று சட்டென எழும்பி, மற்றது சோம்பலாக வந்தால் ஜோடி சேரவில்லை. ஒரு பக்கம் மட்டும் புது ஸ்பிரிங் போடுவது சேமிப்பாகத் தெரியும், பழைய பக்கம் தாழ்ந்தே நிற்கும்.

அப்சார்பர் தலையில் இருக்கும் மவுண்டிங் பேரிங் தனி ரகம். அது இறுகியிருந்தால் இழுப்புக்கு நிலையான பக்கம் இருக்காது. இடப்பக்க வளைவை முடித்து நேரானால் இடம் இழுக்கும். வலப்பக்க வளைவை முடித்தால் வலம். இப்படிப் பக்கம் மாறும் இழுப்புக்கு அலைன்மெண்ட் மெஷினில் விடையே கிடையாது. கண்டுபிடிக்க ஒருவர் ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பட்டும், இன்னொருவர் மட்கார்டுக்குள் கைவிட்டு ஸ்பிரிங்கின் மேல் விரலை லேசாக வைக்கட்டும். சுற்றுகளுக்கு நடுவே விரல் போகக் கூடாது. நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங் வழுவழுவென்று கூடவே சுழலும். கெட்டது என்றால் ஸ்பிரிங் நின்று, முறுக்கேறி, "டங்" என்று விடுபடும். விரலில் அந்த உதறல் தெரியும். புது அப்சார்பருக்குப் பழைய மவுண்டிங்கையே மாட்டியதால் வருவது இது. மவுண்டிங் சரி என்றால் புதிதாகப் போட்ட பால் ஜாயிண்ட் (ஆர்மை நக்கிளோடு இணைக்கும் உருண்டை மூட்டு) இறுக்கமா என்று பாருங்கள்.

லோவர் ஆர்மைக் காரோடு பிணைக்கும் இடத்தில் உள்ள ரப்பர் புஷ்ஷைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், அதிகம் கெடுக்கப்படும் வேலை அதுதான். ரப்பர் புஷ்ஷின் உள்குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கும், போல்ட்டைச் சுற்றி எதுவும் வழுக்கிச் சுழலாது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால் அந்தத் தொங்கும் நிலையே ரப்பருக்கு ஓய்வுநிலை ஆகிவிடும். காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கோடு நின்று, காரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் அப்படி இறுக்கியிருந்தால் உயரம் மாறும், கேம்பரும் கூடவே மாறும். பல ஆயிரம் கிலோமீட்டர் உழைக்க வேண்டிய புஷ் சில மாதத்தில் கிழிவதும் இதனால்தான். "சாமான் தரமில்லை" என்று பழி கடைக்காரர் மேல் விழும்.

சரியான முறைக்கு ஒரு டேப் போதும். வேலை தொடங்குமுன், கார் தரையில் நிற்கும்போது சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 365 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஹோய்ஸ்ட்டில் புது ஆர்மை மாட்டி, போல்ட்டைக் கையிறுக்கத்தோடு விட்டுவிடுங்கள். ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜேக்கை வைத்து, ஹப்பின் (சக்கரம் மாட்டும் பாகம்) நடுவிலிருந்து விளிம்பு வரை அதே 365 வரும்வரை தூக்குங்கள். அந்த நிலையில் இறுக்குங்கள். ஏற்கெனவே தவறாக இறுக்கியிருந்தாலும் பொருள் கெடாதவரை கவலையில்லை; காரைச் சறுக்குமேடையில் ஏற்றி, எடை சக்கரத்தில் இருக்கும்போது போல்ட்டைத் தளர்த்தி, காரை நாலு முறை அமுக்கிக் குலுக்கி, மீண்டும் இறுக்கலாம்.

ஆர்மின் பின்பக்கப் பெரிய புஷ்ஷில் பிறை வடிவ இடைவெளிகள் இருக்கும். அவை எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு, பழையதைப் பிதுக்கி எடுக்குமுன் ஆர்மில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். திசை மாற்றி அழுத்திவிட்டால் சாதாரணமாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. பிரேக் போட்டதும் ஆர்ம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, சக்கரம் வெளியே திரும்பி, கார் ஒரு பக்கம் பாயும்.

லோவர் ஆர்மையோ ஸ்டீயரிங் ரேக்கையோ எடுக்கச் சப்ஃபிரேமை (அவற்றைத் தாங்கும் அடிச்சட்டம்) இறக்கியிருந்தால் அது சில மில்லிமீட்டர் நகர்ந்து உட்கார்ந்திருக்கலாம். இதற்குத் தாளில் ஒரு முத்திரை விழும்: ஒரு பக்கம் கேம்பர் எவ்வளவு கூடியதோ ஏறக்குறைய அவ்வளவே மறுபக்கம் குறைந்திருக்கும். அப்படிக் கண்டால் கேம்பர் போல்ட் தேடாதீர்கள். சப்ஃபிரேம் போல்ட்டுகளைத் தளர்த்தி, கம்பியால் நெம்பிச் சரியான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கழற்றுமுன் போல்ட் தலையைச் சுற்றிப் பெயிண்ட் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தால் இந்தப் பாடே இல்லை. ஹாப்கட் (பழைய கார்களை வெட்டி எடுத்த சாமான்) கடையில் வாங்கிய நக்கிள் அல்லது ஆர்ம் என்றால், ஸ்டீயரிங்கை நேராக வைத்து முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடுவரை இரு பக்கமும் அளங்கள். வித்தியாசம் 5, 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் வளைந்த சாமான் வந்து சேர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

பிரேக்கை மறந்துவிடக் கூடாது. அப்சார்பரைக் கழற்ற பிரேக் ஹோஸின் (பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்) பிடியையும் கழற்றுகிறார்கள். காலிப்பரை (பிரேக் கவ்வி) ஹோஸிலேயே தொங்க விட்டால் உள்ளே ரப்பர் கிழிந்து, காலை எடுத்த பிறகும் அழுத்தம் இறங்காமல் அந்தச் சக்கரம் உரசிக்கொண்டே ஓடும். பல ஹோஸ்களில் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அது நேராக ஓடாமல் சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் முறுக்கி மாட்டப்பட்டிருக்கிறது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இரண்டு முன் ரிம்முக்கும் அருகே புறங்கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் அனல் அடித்தால் அங்கே தேடுங்கள்.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் இழுத்து, காலை எடுத்ததும் நின்றால் அது வேறு கதை: என்ஜின் மவுண்டிங், டிரைவ் ஷாஃப்ட். முன்சக்கரங்களைத் தூக்கி, என்ஜினைப் போட்டதும் ஸ்டீயரிங் தானாகவே ஒரு பக்கம் ஊர்ந்தால் மின்சார ஸ்டீயரிங்கின் சென்சார். தடம் காக்கும் கேமரா உள்ள புதுக் கார்களில் அந்த வசதியை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இணையத்தில் காணொளி பார்த்துத் தாங்களே திருத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சாலைச் சரிவைச் சமாளிக்க இடப்பக்கம் கேம்பரைக் கொஞ்சம் பாசிட்டிவாக வை, அல்லது வலப்பக்கக் காஸ்டரைக் கொஞ்சம் கூட்டு என்று அமெரிக்கர்கள் சொல்வார்கள். அவர்கள் ஓட்டுவது வலப்பக்கம், அவர்கள் சாலை சரிவதும் வலப்பக்கம். நமக்கு எல்லாம் தலைகீழ். வலப்பக்கக் கேம்பர் கால் டிகிரி பாசிட்டிவாக, அல்லது இடப்பக்கக் காஸ்டர் கால் டிகிரி அதிகமாக இருந்தால்தான் இங்கே கார் நேராக ஓடும். அவர்கள் சொன்னபடியே வைத்தால் இழுப்பு கூடும்.

பட்டறைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: அண்டர்கேரேஜ் (காரின் அடிப்பகுதி) வேலைக்குப் பிறகு அலைன்மெண்ட் போடும்போது எதையும் திருகுமுன் எடுத்த தாளையும், திருத்திய பின் எடுத்த தாளையும் சேர்த்தே கொடுங்கள். நகர்ந்த சப்ஃபிரேமும் மாறி இறுகிய போல்ட்டும் முதல் தாளில்தான் அகப்படும். காரைத் திரும்பக் கொண்டுபோகும் வாசகர்கள் "இழுக்குது" என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பக்கம், எந்த வேகத்தில், பிரேக்கிலா, முடுக்கும்போதா, வளைவுக்குப் பிறகா என்று எழுதிக் கொடுங்கள். போமனின் (மெக்கானிக்) அரைநாள் மிச்சமாகும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். வேலை முடிந்த சில நாளில் இழுப்பு நாளுக்கு நாள் கூடி, பிரேக் போடும்போதோ மேடு ஏறும்போதோ "டக்" என்ற சத்தமும் சேர்ந்தால், எங்கோ ஒரு நட்டு தளர்ந்துகொண்டிருக்கிறது. காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாமல் இழுவை வண்டியை அழையுங்கள். ஹோய்ஸ்ட்டில் ஏற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது பால் ஜாயிண்ட் நட்டும், டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை) நட்டில், அது கழலாமல் தடுக்கும் காட்டர் பின் குத்தி மடக்கப்பட்டிருக்கிறதா என்பதும்.

இக்கண்,
அண்டர்கேரேஜ் வேலை அறிந்த வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு